போர்க்காலப் புதுமணத் தம்பதிகள்: நான்கு பழைய ஹாலிவுட் படங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

போர் நடந்துகொண்டிருக்கிறது. சீருடையில் இருக்கும் ஒருவருக்குத் திருமணமும் ஆகிவிடுகிறது. அடுத்த ரயிலோ கப்பலோ புறப்படுவதற்குள் அந்தத் தம்பதிக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கிடைக்குமா? 1940களில் ஹாலிவுட் இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் காதல் நகைச்சுவைகளை எடுத்தது. பெரும்பாலானவை அந்தக் காலத்தோடு போய்விட்டன. 'தி மோர் தி மெரியர்' (1943), 'தி மிராக்கிள் ஆஃப் மார்கன்ஸ் கிரீக்' (1944), 'தி கிளாக்' (1945), 'ஐ வாஸ் எ மேல் வார் பிரைட்' (1949) ஆகிய நான்கும் இன்று பார்த்தாலும் மனத்தைப் பிடித்து இழுக்கின்றன.

நான்கின் பெயரையும் குறித்து வைத்துக்கொண்டு எதில் தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு மாலைப்பொழுதுதான் இருக்கிறது, ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். என் விடை நட்சத்திரங்களையோ விருதுகளையோ பொறுத்தது அல்ல. திருமணம் அந்தப் படத்தின் எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்று பாருங்கள். முதலிலேயே நடந்துவிட்டால் படம் பழிச்சொல்லைப் பற்றியது. நடுவில் நடந்தால் அரசாங்கத்தைப் பற்றியது. இறுதிப் பகுதியில் நடந்தால் காலத்தைப் பற்றியது. முடிவுக்கு அருகில் நடந்தால் காதலைப் பற்றியது. உங்களுக்கு இன்று எது தேவை என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

## எவற்றை வைத்து எடைபோடுகிறேன்

முதல் அளவுகோலைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, போர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது. இந்த நான்கில் ஒன்றில்கூடத் துப்பாக்கிச் சண்டை கிடையாது. ஆனால் சில படங்களில் போர் அடுத்த அறையில் மூச்சுவிடுவது கேட்கிறது. சிலவற்றில் அது வெறும் அலுவலக உத்தரவாக வந்து சேர்கிறது.

மூன்றாவது, சிரிப்பின் வேகம். 1940களின் அமெரிக்க நகைச்சுவையில் இருவர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் முதல் பத்து நிமிடங்கள் கடினம். ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொண்டு பார்ப்பதே நல்லது.

நான்காவதைத்தான் பல அறிமுகக் கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் நாம் கொடுக்க வேண்டிய மறைவான விலை ஒன்று உண்டு. மெதுவாக நகரும் முதல் பாதி, இன்று உறுத்தும் ஒரு நடத்தை, படம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்ட ஒரு துயரம் என்று அது வெவ்வேறாக இருக்கும். முன்பே தெரிந்திருந்தால் ஏமாற்றம் குறையும்.

ஐந்தாவது, யாருடன் உட்கார்ந்து பார்க்கப்போகிறீர்கள் என்பது. எந்தத் தளத்தில் கிடைக்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது அடிக்கடி மாறுகிறது. நான்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள்.

இரண்டு பின்னணிச் செய்திகள் தெரிந்திருந்தால் எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாலும் உதவும். ஒன்று, 1934 முதல் ஹாலிவுட்டில் கடுமையாக நடைமுறையில் இருந்த தயாரிப்பு நெறிமுறை, அதாவது படங்களுக்கான தணிக்கை விதிகள். கணவன் மனைவியாகவே இருந்தாலும் ஒரே கட்டிலில் காட்டுவதை இயக்குநர்கள் தவிர்க்க வேண்டியிருந்தது. தம்பதிகளுக்கு இடையே சுவர், நாற்காலி, கதவு, குளியல் தொட்டி என்று எதையாவது வைத்தே கதை நடத்தினார்கள். போர்க்கால வீட்டுப் பஞ்சம் அவர்களுக்கு ஒரு நியாயமான காரணத்தையும் கொடுத்தது.

இன்னொன்று, அன்றைய அவசரத் திருமணங்கள். 1942இல் வந்த சட்டப்படி, கீழ்நிலைப் படைவீரரின் மனைவிக்கு மாதம் 50 டாலர் கிடைத்தது. அதில் 22 டாலர் கணவரின் சம்பளத்தில் பிடிக்கப்படும். மீதி 28 டாலரை அரசு கொடுக்கும். போர் முடிந்த மறு ஆண்டான 1946இல் அமெரிக்காவில் நடந்த திருமணங்கள் சுமார் 22.9 லட்சம். அதே ஆண்டில் விவாகரத்துகளும் ஆறு லட்சத்தைத் தாண்டின. இந்தப் படங்கள் காட்டும் இரண்டு நாள் காதல் கற்பனை அல்ல. அதன் பின்விளைவை மட்டும் அவை காட்டவில்லை.

## ஒரே பார்வையில்

| | தி மோர் தி மெரியர் | மார்கன்ஸ் கிரீக் | தி கிளாக் | மேல் வார் பிரைட் |
|---|---|---|---|---|
| ஆண்டு | 1943 | 1944 | 1945 | 1949 |
| இயக்குநர் | ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் | பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் | வின்சென்ட் மினெல்லி | ஹோவர்ட் ஹாக்ஸ் |
| நீளம் | 104 நிமிடம் | சுமார் 100 நிமிடம் | 90 நிமிடம் | 105 நிமிடம் |
| கதைக்களம் | வாஷிங்டன் | அமெரிக்கச் சிற்றூர் | நியூயார்க் | போருக்குப் பிந்தைய ஜெர்மனி |
| திருமணம் | முடிவுக்கு அருகில் | தொடக்கத்திலேயே | இறுதிப் பகுதியில் | ஏறத்தாழ நடுவில் |
| சீருடையில் இருப்பவர் | கணவன் | கண்ணிலேயே படாத கணவன் | கணவன் | இருவரும் |
| சிரிப்பு | மென்மையானது, நெருக்கமானது | உரத்தது, வேகமானது | இடையிடையே | நிதானமாகத் தொடங்கி ஏறுவது |
| மறைவான விலை | அத்துமீறும் கிழவர் | ஓயாத சத்தம் | கண்ணீர் | பொறுமை சோதிக்கும் முதல் பாதி |

## ஐ வாஸ் எ மேல் வார் பிரைட்

கணவன் மனைவி இருவரும் ராணுவத்தில் இருக்க வேண்டும், திருமணத்துக்குப் பின் நடப்பதே கதையாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான்கில் இது ஒன்றே பொருந்தும். பிரெஞ்சுப் படையின் கேப்டன் ஆன்ரி ரோஷாராக கேரி கிராண்ட், அமெரிக்க ராணுவ மகளிர் பிரிவின் லெப்டினன்ட் கேத்தரின் கேட்ஸாக ஆன் ஷெரிடன். ஜெர்மனியில் ஒரு லென்ஸ் தயாரிப்பாளரைத் தேடிப் பிடிக்கும் வேலைக்காக இருவரையும் ஒரே மோட்டார் சைக்கிளில் அனுப்புகிறார்கள். விதிப்படி ஓட்டும் உரிமை அவளுக்குத்தான். கேப்டன் பக்கப்பெட்டியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். சண்டை காதலாகிறது. பிறகு திருமணம், அதுவும் மூன்று முறை. ஜெர்மானிய நகராட்சியில் ஒன்று, ராணுவப் பாதிரியார் முன் ஒன்று, பிரெஞ்சு முறைப்படி தேவாலயத்தில் ஒன்று.

மூன்று முறை மணந்தும் ஓர் இரவு கிடைக்கவில்லை. மனைவிக்கு நாடு திரும்பும் உத்தரவு வந்துவிடுகிறது. கணவன் அவளோடு போக வேண்டுமானால் போர் மணமகள்களுக்கான சட்டத்தின்கீழ்தான் போக முடியும். அந்தச் சட்டம் உண்மையானது. 1945 டிசம்பர் 28இல் பொதுச் சட்டம் 271 என்ற எண்ணோடு வந்தது. அமெரிக்கப் படையினரின் வெளிநாட்டு வாழ்க்கைத் துணைகளும் சிறு பிள்ளைகளும் குடியேற்ற ஒதுக்கீட்டுக் கணக்கில் சேராமல் நாட்டுக்குள் வரலாம் என்றது அது. கணவன், மனைவி இருவருக்கும் சட்டம் பொருந்தும். ஆனால் படத்தில் விடுதியையும் பேருந்தையும் கப்பலையும் ஏற்பாடு செய்தவர்கள் வரப்போவது பெண்கள்தான் என்ற எண்ணத்திலேயே எல்லாவற்றையும் செய்துவைத்திருக்கிறார்கள். மனைவியர் விடுதியில் 'நீங்கள் ஆண்' என்று கதவை மூடுகிறார்கள். ஆண்கள் தங்கும் இடத்தில் 'நீங்கள் மனைவியர் பட்டியலில் அல்லவா இருக்கிறீர்கள்' என்கிறார்கள். பெண்களுக்கான உடல்நலக் கேள்விகளுக்கெல்லாம் கேப்டன் முகம் மாறாமல் பதில் சொல்கிறார். அந்த இரவை அவர் ஒரு குளியல் தொட்டியில் கழிக்கிறார்.

அந்தத் தூக்கமில்லாத இரவுக்காகவே இந்தப் படத்தைப் பரிந்துரைப்பேன். நடிப்பில் துளி மிகை கிடையாது. கிராண்ட் கத்துவதில்லை, கை கால்களை வீசுவதில்லை. ஒவ்வொரு அலுவலரிடமும் அதே நீண்ட வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சொல்லச் சொல்லக் குரல் தளர்கிறது. அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக மேசை மேசையாக அலைந்தவர்கள் யாராக இருந்தாலும் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒரு பெல்ஜியரின் சொந்த அனுபவத்தைத் தழுவிய கதை என்பதால்தான் விவரங்களில் இவ்வளவு உறுதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி விலை. சுவரொட்டிகளில் பெண் சீருடை அணிந்த கேரி கிராண்டைப் பார்த்துவிட்டு அந்தக் காட்சிக்காகக் காத்திருப்பவர்கள் சலித்துப்போவார்கள். அது இறுதியில்தான் வருகிறது, விரைவில் முடிந்தும்விடுகிறது. முதல் பாதி முழுவதும் மோட்டார் சைக்கிள், வைக்கோல், கதவுக் கைப்பிடி என்று நிதானமாக நகர்கிறது. ஹாக்ஸ் அவசரப்படுவதில்லை. அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும். ஆனால் இரவு பத்து மணிக்குப் படத்தைத் தொடங்குபவர்கள் திருமணத்துக்கு முன்பே தூங்கிவிடக்கூடும். பிரெஞ்சுக்காரராக வரும் கிராண்ட் பிரெஞ்சுச் சாயலில் பேச முயல்வதே இல்லை. அதை முதல் நிமிடத்திலேயே ஏற்றுக்கொண்டுவிடுங்கள். படப்பிடிப்பின்போது நாயகன் நாயகி இருவருமே கடுமையாக நோய்வாய்ப்பட்டார்கள். கிராண்டுக்குக் காமாலை வந்து மாதக்கணக்கில் வேலை நின்றது. சில காட்சிகளில் அவர் இளைத்துத் தெரிவதற்கு அதுவே காரணம்.

இதைவிடக் கனமான விலை ஒன்று இருக்கிறது. பல காட்சிகள் ஜெர்மனியிலேயே, ஹைடல்பெர்க் போன்ற இடங்களில் படமாக்கப்பட்டும், அந்த நாட்டின் பசியும் இடிபாடும் கதைக்குள் வருவதே இல்லை. சட்டத்தின் இன்னொரு முகமும் வருவதில்லை. 1945ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற்ற ஒதுக்கீட்டைத்தான் தளர்த்தியது, இனத் தடையைத் தளர்த்தவில்லை. ஜப்பானியப் பெண்ணை மணந்த அமெரிக்க வீரர் அவளை அழைத்துவர 1947இல் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேப்டன் ரோஷாரின் அலைச்சல் சில நாட்களில் முடிந்தது; அந்தத் தம்பதிகளின் அலைச்சலைப் பற்றி இப்படியொரு நகைச்சுவையை எவரும் எடுக்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டே நான் சிரிக்கிறேன். சிரிப்பு குறைவதில்லை, ஆனால் அது முழுமையானதும் அல்ல.

மணமாகிச் சில ஆண்டுகள் ஆன தம்பதிகள் சேர்ந்து பார்க்க இது மிகப் பொருத்தம். வீட்டுப் பெரியவர்களோடும் தயக்கமின்றிப் பார்க்கலாம்.

## தி கிளாக்

நகைச்சுவைப் பட்டியலில் இதை ஏன் சேர்த்தாய் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. இது பாதி நகைச்சுவை, பாதி நெஞ்சைப் பிசையும் காதல் கதை. ஆனால் ராணுவப் புதுமணத் தம்பதிகளைப் பற்றிய எந்தப் பட்டியலும் இது இல்லாமல் முழுமை பெறாது.

ஜோ, விடுப்பில் நியூயார்க் வந்த சிற்றூர்க்காரன், படையில் கார்ப்பரல். இருக்கும் நேரம் இரண்டு நாள். பென்சில்வேனியா ரயில் நிலையத்தில் அவன் கால் தடுக்கி ஆலிஸ் என்ற பெண்ணின் செருப்புக் குதிகால் கழன்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை, மூடிய கடையைத் திறக்கவைத்துச் சரிசெய்து கொடுக்கிறான். பேச்சு வளர்கிறது. இரவில் ஒரு பால்காரரின் வண்டியில் ஏறிக்கொள்கிறார்கள். அவருக்கு அடிபட்டுவிட, விடியும்வரை இருவரும் வீடு வீடாகப் பால் போடுகிறார்கள். காலையில் அந்தப் பால்காரர் வீட்டுச் சமையலறையில் ஒரு வயதான தம்பதியின் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் இவர்கள் மனத்தில் திருமணம் என்ற எண்ணம் உருவம் பெறுகிறது. பால்காரராக நடித்த ஜேம்ஸ் கிளீசனும் அவர் மனைவியாக நடித்த லூசில் கிளீசனும் உண்மையிலேயே கணவன் மனைவி. அந்த மேசையில் தெரியும் பழக்கம் நடிப்பால் மட்டும் வந்தது அல்ல.

பிறகு நகரத்தின் நெரிசலில் இருவரும் ஒருவரையொருவர் தொலைத்துவிடுகிறார்கள். குடும்பப் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பக் கண்டுபிடித்த நொடியில் திருமணம் செய்துகொள்ள முடிவெடுக்கிறார்கள். இங்கேதான் நகைச்சுவை மூச்சிரைக்க ஓடுகிறது. ரத்தப் பரிசோதனைச் சான்று வேண்டும், உரிமம் வேண்டும், காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்ய நீதிபதியின் கையெழுத்து வேண்டும். அலுவலகங்கள் மூடும் நேரம். ஒவ்வொரு வாசலிலும் யாரோ கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். கடைசியில் திருமணம் நடக்கும்போது வெளியே ஓடும் ரயிலின் இரைச்சலில் உறுதிமொழி காதில் விழவே இல்லை.

அதற்கு அடுத்த காட்சிகளைத்தான் நான் மறப்பதில்லை. மணம் முடிந்து உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் ஆலிஸ், எல்லாம் இவ்வளவு அசிங்கமாக முடிந்துவிட்டதே என்று அழுகிறாள். ஜோ என்ன சொல்வது என்று தெரியாமல் விழிக்கிறான். இருவரும் ஒரு தேவாலயத்துக்குள் போய், யாருமில்லாத இருக்கையில் அமர்ந்து, திருமண வாசகங்களைத் தாங்களே மெல்லப் படிக்கிறார்கள். மறுநாள் காலையில் அறையில் சேர்ந்து சாப்பிடும் காட்சி ஒன்று வருகிறது. வசனம் ஏறத்தாழ இல்லை. காபியை ஊற்றும் விதத்திலேயே இருவரும் கணவன் மனைவி ஆகிவிட்டார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. ஆலிஸாக வரும் ஜூடி கார்லண்ட் பாடாமல் நடித்த முதல் நாயகி வேடம் இது. பாட்டுக்காக அறியப்பட்ட ஒருவர் இவ்வளவு அமைதியாக இருக்க முடியுமா என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. முதலில் ஃப்ரெட் ஜின்னமன் இயக்கத் தொடங்கிய படம். கார்லண்ட் கேட்டுக்கொண்டதால் மினெல்லியிடம் வந்தது. அதே 1945 ஜூனில் இயக்குநரும் நாயகியும் மணந்துகொண்டார்கள்.

இதன் விலை, நீங்கள் சிரிப்பதற்காக உட்கார்ந்திருந்தால், கண்ணீர். போர் இங்கே காட்சிக்கே வருவதில்லை; ஆனால் ஒவ்வொரு நிமிடமும் கடிகாரத்தில் இருக்கிறது. வீட்டில் யாராவது படையில் இருந்து, விடுப்பு முடியப்போகும் வாரம் என்றால் இந்தப் படத்தைத் தள்ளிப்போடுங்கள். அவர்கள் திரும்பி வந்த பிறகு பாருங்கள். குடிபோதையில் ஒருவர் நீட்டி முழக்கும் காட்சி ஒன்றும் உண்டு. அது தேவைக்கு மேல் நீள்கிறது. மற்றபடி 90 நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தப் படம் நான்கில் மிகக் குறைந்த நேரம் கேட்பது, வசனமும் எளிதில் புரிவது. பழைய ஆங்கிலப் படங்களுக்குப் புதியவர்கள் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

## தி மிராக்கிள் ஆஃப் மார்கன்ஸ் கிரீக்

வெளிநாடு போகும் வீரர்களுக்கு விடைகொடுக்கும் நடன இரவுக்குப் போகிறாள் ட்ரூடி. விடிந்து வீடு திரும்பும்போது விரலில் ஒரு திரைச்சீலை வளையம் இருக்கிறது. யாரோ ஒரு வீரனை மணந்திருக்கிறாள். யாரை என்று நினைவில்லை. எல்லாரும் பொய்ப் பெயர் கொடுத்திருந்தார்கள். சில வாரங்களில் அவள் கர்ப்பமாக இருப்பதும் தெரியவருகிறது. அப்பா ஊர்க் காவலர், முன்கோபக்காரர். சிறுவயது முதல் அவளை விரும்பும் நார்வல், பதற்றம் வந்தால் கண் முன்னே புள்ளிகள் தெரிவதால் ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பப்பட்டவன்.

இந்தப் படத்தில் கணவன் கடைசிவரை வருவதே இல்லை. ராணுவப் புதுமணத் தம்பதி பற்றிய கதையில் தம்பதியில் ஒருவர் இல்லாமலே போவது எனக்கு மிகத் துணிச்சலான தேர்வாகப் படுகிறது. ஏனென்றால் அன்றைய பல மனைவியரின் நிலையும் அதுதான்: மோதிரம் உண்டு, ஆள் இல்லை. பெயர் தெரியாததால் ட்ரூடிக்கு மாதம் 50 டாலரும் கிடையாது, சான்றிதழும் கிடையாது, ஊரின் வாயை அடைக்க எதுவும் கிடையாது. பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் இதை நகைச்சுவையாக எடுத்து, தணிக்கை நெறிமுறையைத் தாண்டிக் கொண்டுவந்துவிட்டார். படப்பிடிப்பு 1943 தொடக்கத்திலேயே முடிந்தும் 1944 ஜனவரியில்தான் படம் திரைக்கு வந்தது. திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. அதே ஆண்டு அதே பிரிவில் ஸ்டர்ஜஸின் இன்னொரு திரைக்கதையும் போட்டியில் இருந்தது.

விலை சத்தம்தான். எல்லாரும் கத்துகிறார்கள், விழுகிறார்கள், ஓடுகிறார்கள். அப்பா தன் இளைய மகளை உதைக்க முயன்று தானே தரையில் விழும் காட்சிகளை அன்றைய அரங்குகள் கைதட்டி ரசித்தன. எனக்கு அவை பிடிக்கவில்லை. நினைவிழந்த பெண்ணுக்கு நடந்த திருமணம் என்பதும் இன்று நின்று யோசிக்கவைக்கிறது. தலையில் அடிபட்டதாகவும் எலுமிச்சைச் சாறுதான் குடித்ததாகவும் படம் சொல்லிவிட்டுத் தாண்டுகிறது. பள்ளிச் சிறுவர்களோடு பார்ப்பதற்கு ஏற்றது அல்ல. திரைக்கதை எழுதப் பழகுபவர்கள், கல்லூரி நண்பர்கள், வேகமான ஆங்கில வசனத்தை விரும்புபவர்கள் ஆகியோருக்கு முதல் தேர்வு இதுவே. கிளைமாக்ஸை எங்கும் படித்துவிடாமல் பாருங்கள்.

## தி மோர் தி மெரியர்

போர் தொடங்கியதும் வாஷிங்டன் நகரம் அரசு ஊழியர்களாலும் படையினராலும் நிரம்பி வழிந்தது. வாடகைக்கு ஓர் அறை கிடைப்பதே அரிது. நாட்டுக்குச் செய்யும் கடமையாக நினைத்துத் தன் சிறிய அடுக்ககத்தில் பாதியை வாடகைக்கு விடுகிறாள் கோனி. டிங்கிள் என்ற முதியவர் வந்து ஒட்டிக்கொள்கிறார். அவர் தன் பாதியில் பாதியை, ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட இருக்கும் சார்ஜென்ட் ஜோ கார்ட்டருக்கு உள்வாடகைக்கு விட்டுவிடுகிறார். கோனிக்கு ஏற்கெனவே ஓர் உயர் அதிகாரியோடு நிச்சயம் ஆகியிருக்கிறது.

நான்கில் நடிப்பும் இயக்கமும் மிகச் சிறந்து அமைந்தது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாசற்படியில் அமர்ந்து கோனி தன் வருங்காலக் கணவனின் சம்பளத்தையும் குணத்தையும் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாள். ஜோவின் கை அவள் தோளிலும் கழுத்திலும் உலவுகிறது. அவள் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக உடைகின்றன. அதே இரவு, ஒரு மெல்லிய சுவரின் இருபுறமும் படுத்துக்கொண்டு இருவரும் பேசுகிறார்கள். கேமரா இருவரையும் ஒரே சட்டத்தில் காட்டுவதால் அருகருகே படுத்திருப்பதுபோலவே தோன்றுகிறது. நெறிமுறை விதித்த சுவரை வைத்தே நெறிமுறையைக் கடந்துவிட்டார் ஸ்டீவன்ஸ். கோனியாக நடித்த ஜீன் ஆர்தருக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே ஆஸ்கர் பரிந்துரை இந்தப் படத்துக்குத்தான். டிங்கிளாக நடித்த சார்ல்ஸ் கோபர்னுக்குச் சிறந்த துணை நடிகர் விருதே கிடைத்தது.

குறையும் டிங்கிளிடமே இருக்கிறது. அவர் கோனியின் நாட்குறிப்பை எடுத்து உரக்கப் படிக்கிறார். படம் அதை நல்ல மனத்தோடு செய்த குறும்பாகக் காட்டுகிறது. இன்று பார்க்கும்போது கோனியின் கோபம்தான் சரி என்று படுகிறது. ஜப்பானிய உளவாளி என்ற சந்தேகத்தை வைத்து ஒரு கதைத் திருப்பமும் உண்டு. அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த ஆண்டு அது என்று தெரிந்தவர்களுக்கு அங்கே சிரிப்பு வராது. திருமணம் வருவதோ முடிவுக்குச் சற்று முன்புதான். மானம் காக்க அவசரமாக மணந்துகொண்டு பின்னர் ரத்து செய்துவிடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். புதுமண வாழ்க்கையைப் பார்க்க வந்தவர்களுக்கு இது போதாது. இன்னும் திருமணமாகாதவர்கள், நிச்சயமானவர்கள், காதலைச் சொல்லத் தயங்குபவர்கள் ஆகியோருக்கு இதைவிட நல்ல படம் இல்லை.

இதை முடித்த கையோடு ஸ்டீவன்ஸ் ராணுவத்தில் சேர்ந்து போர்முனையைப் படம்பிடிக்கப் போனார். டாகாவ் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது அங்கே கேமராவோடு நின்றார். திரும்பி வந்தபின் இப்படி ஒரு காதல் நகைச்சுவையை அவர் எடுக்கவே இல்லை. அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவர்களுக்கு அந்த வாசற்படிக் காட்சி இன்னும் அரியதாகத் தெரியும்.

## இந்த நான்கும் பொருந்தாவிட்டால்

சிரிப்பு மட்டும் போதும், கனமே வேண்டாம் என்றால் 1945இன் 'பில்லோ டு போஸ்ட்' இருக்கிறது. மணமான ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே கிடைக்கும் அறை ஒன்றுக்காக ஒரு பெண் முன்பின் தெரியாத லெப்டினன்டைக் கணவன் என்று சொல்லிவிடும் கதை. ஐடா லூபினோ நாயகி. லூயி ஆம்ஸ்ட்ராங் தன் இசைக்குழுவோடு வருகிறார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'தி டவ்கேர்ள்ஸ்' வாஷிங்டன் விடுதி அறைக்குள் பல தம்பதிகளை நெருக்கியடிக்கிறது. 'மேல் வார் பிரைட்' நாயகி ஆன் ஷெரிடனுக்காகப் பார்க்கலாம். அவரைத் தவிரப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

பிரிவுக்குப் பின் என்ன ஆகிறது என்று அறிய விரும்புபவர்கள்தான் இந்த நான்கிலும் நிறைவடைய மாட்டார்கள். அவர்களுக்கு அலெக்சாண்டர் கோர்டா இயக்கிய பிரிட்டிஷ் படமான 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' (1945) உண்டு. ராபர்ட் டோனட்டும் டெபோரா கெரும் சலித்துப்போன லண்டன் தம்பதி. புதுமணத் தம்பதி அல்ல. போர் வந்ததும் அவன் கடற்படையிலும் அவள் கடற்படை மகளிர் பிரிவிலும் சேர்கிறார்கள். பிரிந்திருந்த ஆண்டுகளில் இருவருமே வேறு ஆட்களாக மாறிவிடுகிறார்கள். ஆனால் மற்றவர் பழைய ஆளாகவே காத்திருப்பார் என்று எண்ணி இருவரும் சந்திக்கப் பயப்படுகிறார்கள். சிறந்த மூலக்கதைக்கான ஆஸ்கரை இந்தப் படத்துக்காக கிளமென்ஸ் டேன் பெற்றார். பணியிடம் ஒரு ஊரிலும் குடும்பம் இன்னொரு ஊரிலுமாக ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு இப்போதுதான் ஒரே வீட்டுக்கு வந்திருக்கும் தம்பதிகள், மேலே சொன்ன நான்கையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இதைப் பாருங்கள்.